பிடித்துக்கொண்டு போனால் யார் வருவார்கள்?

காரைக்குடியில் கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். மணிப்பூரில் மோரே வரை போய், முடிந்தால் எல்லை தாண்டி பர்மாவுக்குள் நுழைந்து, அங்கே நடக்கிற சண்டையைப் படம் எடுத்து ஏதாவது வெளிநாட்டுப் பத்திரிகைக்கு விற்கவேண்டும் என்பது அவர் திட்டம். "பிரஸ் கார்டு இருந்தா விட்டுடுவாங்கதானே ஐயா? அப்படியே பிடிச்சு வச்சாலும் கவர்ன்மெண்டோ பத்திரிகையோ மீட்டுடும்ல?" என்கிறார். அவருடைய அப்பத்தா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருப்பவர். அவரும் படிப்பார் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

சரி தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவது, நீ யார், எந்த ஊர் பாஸ்போர்ட், உன்னை யார் அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தது. உன்னை யாரும் அனுப்பவில்லை என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

நான் போர்முனைக்குப் போனவன் இல்லை. ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டு முப்பது வருடம் ராத்திரி வேலை செய்தவன். டெலிபிரிண்டர் கக்குகிற தாளைக் கிழித்து, தமிழாக்கி, இடத்துக்குத் தக்கபடி வெட்டி அச்சுக்கு அனுப்புவதுதான் வேலை. மதுரையைத் தாண்டாமலே பெய்ரூட்டைப் பற்றி எழுதியவன் என்று வைத்துக்கொள். ஆனால் பிடிபட்ட நிருபர்களின் கதை ஒவ்வொன்றும் என் மேசை வழியாகத்தான் போனது.

பிரஸ் கார்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சட்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு, போர்ப் பகுதியில் வேலை செய்கிற செய்தியாளரைப் பொதுமக்களில் ஒருவராகவே நடத்தவேண்டும் என்கிறது. பணயக் கைதியாக யாரைப் பிடிப்பதும் அந்த ஒப்பந்தங்களின்படி குற்றம்தான். இந்தியா அந்தக் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சாலையை மறிக்கிற பதினெட்டு வயதுப் பையன் 79ஆம் பிரிவைப் படித்திருக்க மாட்டான்.

குண்டூஸில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். 2009 செப்டம்பர். ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் கடத்திய இரண்டு எண்ணெய் லாரிகள் மேல் நேட்டோ விமானம் குண்டு போட்டு, எண்ணெய் பிடிக்க வந்த ஊர் ஜனங்களும் செத்துப்போனார்கள். அதை விசாரிக்க நியூயார்க் டைம்ஸின் ஸ்டீபன் ஃபாரல் போனார். கூடப் போனவர் சுல்தான் முனாதி, ஆப்கானியர். ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தவர், விடுமுறைக்கு ஊர் வந்த இடத்தில் இந்த வேலைக்குப் போனார். இருவரையும் தாலிபான்கள் பிடித்துக்கொண்டார்கள். நாலாவது நாள் விடியுமுன் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரில் இறங்கினார்கள். இருட்டு, சுற்றிலும் துப்பாக்கிச் சத்தம். இருவரும் ஒரு சுவரை ஒட்டி ஓடினார்கள். சுவர் முடிகிற மூலையில் முனாதி கையைத் தூக்கிக்கொண்டு "ஜர்னலிஸ்ட்! ஜர்னலிஸ்ட்!" என்று கத்தியபடி வெளியே வந்தார். குண்டு பாய்ந்து அங்கேயே விழுந்தார். ஃபாரல் பள்ளத்தில் படுத்துக் காத்திருந்துவிட்டு, ஆங்கிலம் பேசுகிற குரல் கேட்டதும் "பிரிட்டிஷ் ஹாஸ்டேஜ்!" என்று கத்தினார். அவரைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒருவர் தொழிலைச் சொன்னார், இன்னொருவர் நாட்டைச் சொன்னார். உன் பிரஸ் கார்டுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. முனாதியின் உடம்பு அங்கேயே கிடந்தது, வீட்டுக்காரர்கள்தான் போய் எடுத்து வந்தார்கள். காபூல் நிருபர்கள் கொதித்துப்போனார்கள். அந்த மீட்பில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயும் ஊர்க்காரர்கள் சிலரும்கூட இறந்தார்கள்.

ஏன் நிருபரைப் போய்ப் பிடிக்கிறார்கள்? முன்பெல்லாம் ஒரு போராளிக் கூட்டத்துக்குத் தன் பக்கத்துக் கதை வெளியே போக நிருபர் வேண்டியிருந்தது, அதனால் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். இப்போது அவர்களே வீடியோ எடுத்து அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். கதை சொல்ல ஆள் தேவையில்லை என்று ஆனபின் அந்த ஆள் வெறும் சரக்கு. வியாபாரம் செய்த ஊர்க்காரர்கள் நாம், சரக்குக்கு விலை எப்படி ஏறும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். வாங்குகிறவன் எவ்வளவு தருவான் என்பதுதான் விலை.

பிடிக்கிற விதமும் முக்கியம். சாலையில் மறிப்பது ஒரு வகை. பேட்டி தருகிறேன் என்று கூப்பிடுவது இன்னொரு வகை, அதுதான் பயங்கரம். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் டேனியல் பேர்ல் மும்பையில் இருந்தபடி தெற்காசியாவைப் பார்த்துக்கொண்டவர். 2002 ஜனவரி 23 அன்று கராச்சியில் ஒரு மதத் தலைவரைப் பேட்டி காணப்போகிறோம் என்று நம்பிக் கிளம்பினார், திரும்பவில்லை. அந்த வலையை விரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓமர் ஷேக், 1999 டிசம்பரில் காந்தஹார் விமானக் கடத்தலில் பயணிகளை மீட்க நம் அரசு சிறையிலிருந்து விட்ட மூவரில் ஒருவர். (2021இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அவருடைய விடுதலையை உறுதி செய்தது. அது தனிக் கதை.) ஒரு பணயக் கைதி விவகாரம் முடிந்த இடத்திலிருந்து இன்னொன்று கிளம்புகிறது, பார்த்தாயா?

பணம் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டை இங்கேதான் வருகிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் கொடுக்கமாட்டோம் என்பார்கள். ஐரோப்பாவின் மற்ற அரசுகள் பல, கொடுத்ததே இல்லை என்று சத்தியம் செய்யும். ஆனால் அவர்கள் ஆட்கள் வீடு திரும்புவார்கள். 2008க்குப் பிறகு அல் கொய்தா வகையறாக்கள் கடத்தலில் சம்பாதித்தது குறைந்தது 12.5 கோடி டாலர் என்று 2014இல் நியூயார்க் டைம்ஸ் கணக்குப் போட்டது. சிரியாவில் ஐஎஸ் கூட்டம் நிருபர்களை ஒன்றாக அடைத்து வைத்திருந்தபோது இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. 2014 மார்ச்சில் ஸ்பெயின்காரர்கள், ஏப்ரலில் நான்கு பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஆகஸ்டில் ஜேம்ஸ் ஃபோலியும் செப்டம்பரில் ஸ்டீவன் சாட்லாஃபும் கொல்லப்பட்ட வீடியோ வந்தது, இருவரும் அமெரிக்கர்கள்.

ஃபோலி உன்னைப் போல எந்த நிறுவனத்திலும் சேராத ஃப்ரீலான்ஸ்தான். 2011இல் லிபியாவில் ஒருமுறை பிடிபட்டு 44 நாள் உள்ளே இருந்து வெளியே வந்தவர். பிடிபட்ட அன்று அவர் கண்முன்னே சுடப்பட்டவர் ஆன்டன் ஹாமர்ல் என்ற தென்னாப்பிரிக்கப் படக்காரர். அப்படியும் அடுத்த வருடமே சிரியாவுக்குப் போனார். 2012 நவம்பரில் பிடிபட்டார். கடத்தியவர்கள் வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்ட தொகை 10 கோடி யூரோ. பணம் திரட்டினால் வழக்குப் பாயலாம் என்று அவர் அம்மாவிடமே அதிகாரிகள் சொன்னார்கள். மகனைப் பறிகொடுத்தபின் அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. 2015 ஜூனில் ஒபாமா அரசு விதியை மாற்றியது. குடும்பம் கடத்தல்காரர்களோடு பேசினால் வழக்கு இல்லை, குடும்பத்துக்குச் சேதி சொல்லவென்றே ஒரு தனிப் பிரிவு என்றெல்லாம் வந்தது.

குடும்பத்துக்குச் சேதி சொல்ல ஆள். இதைப் படித்தபோது எனக்கு உன் அப்பத்தா சொன்ன கதைதான் ஞாபகம் வந்தது. உனக்குச் சொல்லியிருக்கிறாரோ என்னவோ.

உன் அப்பத்தாவின் அப்பச்சி, அதாவது அவருடைய அப்பா, பர்மாவில் பெகு பக்கம் ஒரு கடையில் அடுத்தாளாக, முதலாளிக்கு உதவி ஆளாக இருந்தவர். மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு கப்பலேறியவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது. வீட்டில் நாலு பிள்ளைகள். அந்தக் கடை முதலாளி வீட்டுக் கணக்கப்பிள்ளை மாதம் பிறந்ததும் வருவாராம். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, பேசின சம்பளத்தில் வீட்டுக்கு உள்ள பங்கை எண்ணிக் கொடுத்துவிட்டு, எந்த ஆள் எந்த ஊர் வந்து சேர்ந்தான் என்று காதில் விழுந்ததை எல்லாம் சொல்லுவாராம். ஒன்றும் தெரியாத மாதத்திலும் வந்து, "இந்த மாசம் சேதி ஒண்ணும் இல்லை ஆச்சி" என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போவாராம். பெரியவர் கடைசியில் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமு, இந்தப் பக்கத்து மோரே வழியாக நடந்தே இம்பால் வந்து, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறேன் என்கிறாயே, அவர் வெளியே வந்தது அதே பாதைதான்.

"சேதி இல்லை" என்று சொல்லக்கூட உன் வீட்டு முகப்புக்கு யார் வருவார்?

ஏபி செய்தி நிறுவனத்தின் டெர்ரி ஆண்டர்சனை 1985 மார்ச் 16 அன்று பெய்ரூட்டில் பிடித்தார்கள். 1991 டிசம்பர் 4 அன்றுதான் விட்டார்கள். 2,454 நாள். பிடிபட்ட சில மாதத்தில் பிறந்த மகளுக்கு, அப்பாவை முதலில் பார்க்கும்போது ஆறு வயது. உள்ளே இருந்த காலத்தில் அவருடைய அப்பாவும் அண்ணனும் புற்றுநோயில் போய்விட்டார்கள். அத்தனை வருடமும் அவர் நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. விடுதலைச் செய்தி வந்த ராத்திரி நான் வேலையில் இருந்தேன். முதல் பக்கத்தில் மூன்று பத்தி கொடுத்தோம்.

ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு அந்த மாதிரி நிறுவனம் இல்லை. 2008இல் சோமாலியாவில் பிடிபட்ட கனடாவின் அமாண்டா லிண்ட்ஹவுட், ஆஸ்திரேலியாவின் நைஜல் பிரென்னன் இருவரும் ஃப்ரீலான்ஸ். இரண்டு அரசுகளும் பணம் தராது. குடும்பங்களே தெரிந்தவர்களிடம் எல்லாம் கையேந்தித் திரட்டி, தனியார் மீட்பு நிறுவனம் ஒன்றைப் பிடித்து, 460 நாள் கழித்து வெளியே கொண்டுவந்தார்கள். பெரிய பத்திரிகைகள் தம் ஆட்களுக்குக் கடத்தல் காப்பீடு எடுத்திருப்பார்கள். எடுத்ததை வெளியே சொல்லக்கூடாது என்பதே பெரும்பாலும் அதன் நிபந்தனை.

நம் அரசு என்ன செய்யும் என்று கேட்பாய். செய்திருக்கிறது. 2014 ஜூன் 2 அன்று ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில் கடத்தப்பட்ட பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார் நம் சிவகங்கை மாவட்டத்துக்காரர். நிருபர் இல்லை, அகதிகளுக்குப் பள்ளி நடத்தும் ஏசுசபைச் சேவை அமைப்பில் இருந்தவர். எட்டு மாதம் கழித்து 2015 பிப்ரவரி 22 அன்று விடுதலையானார், பிரதமரே அறிவித்தார். ஆனால் பார், அவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது, அவர் விசாவோடு போனவர், எங்கே போனார் எப்போது போனார் என்று எழுத்தில் இருந்தது. நீயோ எல்லைக் கல்லைத் தாண்டித் திருட்டுத்தனமாக நுழையப்போகிறாய். பிடிக்கிறவன் ராணுவமாக இருந்தால் அது கடத்தல்கூட இல்லை, கைது. டேனி ஃபென்ஸ்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் யாங்கோனில் முறையாக வேலை பார்த்தவர். அவரையே 2021 மே மாதம் விமான நிலையத்தில் பிடித்து உள்ளே போட்டு, நவம்பரில் 11 வருடத் தண்டனை கொடுத்தார்கள். சில நாளில் அவரை வெளியே கொண்டுவர அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில முன்னாள் ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் நேரில் போய்ப் பேசவேண்டி வந்தது. உனக்காகப் போய்ப் பேச எந்த ரிச்சர்ட்சன் இருக்கிறார்? 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமுவுக்குப் போன தமிழ்ப் பையன்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் படம் எடுக்கக்கூடப் போகவில்லை.

இனி நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று.

2007 மார்ச். ஆப்கானிஸ்தானின் ஹெல்மாந்தில் லா ரிபப்ளிகா என்ற இத்தாலியப் பத்திரிகையின் டேனியேலே மாஸ்ட்ரோஜாகோமோவைத் தாலிபான்கள் பிடித்தார்கள். கூட இரண்டு ஆப்கானியர்கள். ஓட்டுநர் சையத் ஆகாவை முதலிலேயே கழுத்தறுத்துக் கொன்றார்கள். மார்ச் 19 அன்று ஆப்கான் அரசு ஐந்து தாலிபான் கைதிகளை விட்டு, இத்தாலியரை வாங்கிக்கொண்டது. அந்த ராத்திரி பக்கம் போட்டவன் நான். "இத்தாலிய நிருபர் விடுதலை" என்று தலைப்பு. கடைசிப் பத்தியில் மொழிபெயர்ப்பாளர் அஜ்மல் நக்ஷ்பந்தி இன்னும் பிடியில்தான் இருக்கிறார் என்று இருந்தது. கீழே ஜவுளிக்கடை விளம்பரம். செய்தி நாலு வரி கூடுதல். கடைசிப் பத்தியை எடுத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

அஜ்மலுக்கு மாற்றாக விட யாரும் இல்லை. இனி இப்படிப் பரிமாற்றம் கிடையாது என்று ஆப்கான் அதிபர் கர்சாயின் அரசு சொல்லிவிட்டது. ஏப்ரல் 8 அன்று அவரைக் கொன்றார்கள். அதையும் நான்தான் போட்டேன். ஒற்றைப் பத்தி, "மொழிபெயர்ப்பாளர் கொலை". பெயர் நீளமாக இருந்ததால் தலைப்பில் இல்லை. உள்ளேயும் இருந்ததா என்று இப்போது நினைவில் இல்லை, இருந்திருக்காது.

ஃபிக்சர் என்பார்கள் இந்த ஆட்களை. கார், மொழி, வழி, யாரைப் பார்க்கலாம், எந்தச் செக்போஸ்டில் யாருக்கு என்ன சொல்லவேண்டும் எல்லாம் அவர்கள் கையில். ஈராக்கில் ஜில் கரோல் 2006இல் 82 நாள் கழித்து வெளியே வந்தபோது உலகமே கொண்டாடியது. பிடித்த அன்றே சுட்டுப்போட்ட அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஆலன் என்வியாவை எத்தனை பேருக்குத் தெரியும்? நீ மோரேயில் இறங்கியதும் உனக்கும் இப்படி ஒருவர் வேண்டும். உன்னைப் பிடித்தால் அவரையும் பிடிப்பார்கள், அடி அவருக்கு முதலில் விழும்.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். நியூயார்க் டைம்ஸின் டேவிட் ரோட், தாஹிர் லுதின் என்ற ஆப்கான் நிருபர், ஓட்டுநர் அசதுல்லா, மூவரும் 2008 நவம்பரில் காபூல் பக்கம் பிடிபட்டார்கள். பத்திரிகை உலகம் மொத்தமும் சேர்ந்து செய்தியை வெளியிடாமல் ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டது, பேர் வெளியே வந்தால் விலை ஏறும் என்று. விக்கிப்பீடியாவில்கூட அந்தச் சேதி ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். (2007இல் காஸாவில் பிபிசியின் ஆலன் ஜான்ஸ்டனுக்கு நேர்மாறாக ஊரெல்லாம் கூட்டம் போட்டுக் குரல் கொடுத்தார்கள். அவர் 114 நாளில் வந்துவிட்டார். எது சரி என்பதற்கு ஒரே சூத்திரம் கிடையாது.) ரோட் கண்ணில் ஒருநாள் கார் இழுக்கிற கயிறு ஒன்று பட்டது. எடுத்து ஒளித்து வைத்தார். அவர்களைக் கொண்டுபோய் அடைத்திருந்த பாகிஸ்தானின் மிரான்ஷாவில், 2009 ஜூனில் ஒரு ராத்திரி, காவலாட்களோடு தாயக்கட்டை மாதிரி ஒரு ஆட்டத்தை வெகுநேரம் இழுத்து இழுத்து ஆடினார்கள், ஆட்கள் அசந்து தூங்கட்டும் என்று. அறையில் பழைய ஏர்கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்து மதிலைத் தாண்டி, இருட்டில் நடந்து, பாகிஸ்தான் படை முகாம் வாசலில் கையைத் தூக்கி நின்றார்கள். அங்கேயும் சுடப்படாமல் தப்பியது அதிர்ஷ்டம். அசதுல்லாவுக்குச் சொல்லாமல்தான் வந்தார்கள், அவர் மேல் சந்தேகம். அவரும் ஒரு மாதம் கழித்துத் தானே தப்பி வந்துவிட்டார்.

மூவரில் இருவர் சேர்ந்து வந்ததால் இதை நல்ல கதை என்கிறேன். என் முப்பது வருடத்தில் அப்படிக் கொஞ்சம்தான் பார்த்தேன்.

போகாதே என்று நான் சொன்னால் கேட்கமாட்டாய். மோரேயோடு நில் என்று மட்டும் சொல்கிறேன். அங்கே பர்மாவிலிருந்து வந்து குடியேறிய நம் ஆட்கள் இருக்கிறார்கள், தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. அவர்கள் கதையையே இதுவரை யாரும் சரியாக எடுக்கவில்லை. கிளம்புமுன் இரண்டு காரியம் செய். காலையும் மாலையும் குறித்த நேரத்தில் நீ யாருக்கு அழைப்பாய், அழைப்பு வராவிட்டால் அவர் எத்தனை மணி நேரம் பொறுத்து யாருக்குச் சொல்லவேண்டும் என்று பேசிவை. அந்த ஆள் நானாக இருந்தாலும் சரி, எனக்கு ராத்திரி முழித்திருந்து பழக்கம். அப்புறம், உன்னையும் உன் அப்பத்தாவையும் தவிர வேறு யாருக்கும் பதில் தெரியாத மூன்று கேள்வியை எழுதி அவரிடம் உறையில் போட்டுக் கொடு. நாளைக்கு எவனாவது உன்னைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று போன் செய்தால், நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. கண்டபடி எழுதிவைக்காதே. ஃபேஸ்புக்கில் நீ போட்ட நாய்க்குட்டி பேரெல்லாம் ஊருக்கே தெரியும்.

ஒரு தாளும் தயார் செய்து வைத்திருக்கிறேன். உன் பெயர், ரத்த வகை, வீட்டு எண், எந்த வழி போகிறாய் என்பதெல்லாம் எழுத. அதிலேயே கீழே இன்னும் மூன்று வரி காலியாக இருக்கும்: கூட வருகிறவர் பெயர், அவர் வீட்டில் யாரிடம் பேசவேண்டும், அவருக்கு ஒன்று ஆனால் நீ என்ன தருவதாகப் பேசியிருக்கிறாய். இங்கே இருந்தபடி அதை நிரப்ப முடியாது. மோரேயில் ஆளைப் பிடித்ததும் அவரிடமே கேட்டு, பெயரை முழுசாக எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்பு.